ஆறாவது கட்டு

தூண்டில் கட்டுவதில் டெல்மருக்கு இருந்த ஞானம் மீன் பிடிப்பதிலும் இருந்திருந்தால், நியோஷோ ஆற்றில் ஒரு கெளுத்திகூட மிஞ்சியிருக்காது. ஊர் இரும்புக்கடையில் தூண்டில் சாமான் விற்கும் பகுதி அவன் பொறுப்பில் இருந்தது. எந்தத் தண்ணீருக்கு எந்த ஈயக்குண்டு, முள்ளுக்கும் குண்டுக்கும் நடுவே எத்தனை சாண் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். அவன் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் கூடை நிறையக் கொண்டுவந்தார்கள். அவன் மட்டும் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவான்.

இன்று அப்படி வர முடியாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா மூன்று கோடையாகச் சனிக்கிழமை தோறும் அவன் படகின் முன்பலகையில் உட்கார்ந்து வருகிறாள். அவள் கணவன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வியாழக்கிழமை காப்பிக் கடையில், போகிற போக்கில் சொல்வதுபோல் அவள் ஒன்று சொன்னாள். துல்சா நகரத்தில் இருக்கும் அக்கா தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம். சனிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து டெல்மருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினான். ஆனால் தன் தூண்டிலில் முதல் மீன் சிக்கிப் படகில் ஏறிய பிறகுதான். காலி வாளியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் என்னைக் கட்டிக்கொள் என்று எப்படிக் கேட்பது?

விடிந்ததும் படகை இறக்கினார்கள். முதலில், ஈயக்குண்டு தூண்டில் நரம்பில் வழுக்கி ஓடும்படி ஒரு கட்டுக் கட்டிப் போட்டான். இருபது நிமிஷம் பொறுத்தான், எடுத்தான். அடுத்து, இரையாகக் கோத்த ஈரலைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடிக்க முள்ளருகே ஒரு குட்டித் தக்கை. பிறகு மூன்று பக்கமும் வளையம் வைத்த கட்டு. வெர்னா ஒரு முள், ஒரு குண்டு, ஒரு துண்டு கோழி ஈரல் என்று போட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குள் அவள் வாளியில் நாலு கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தன.

"என்ன மகராசா, தூண்டிலுக்கு மறுபடியும் சட்டை மாத்துறியா?"

"கிண்டல் பண்ணாதே. அடியில ஒரே சேறு. ஈரல் புதைஞ்சுபோனா மீனுக்கு எப்படித் தெரியும்?"

"என் ஈரலும் அதே சேத்துலதான் கெடக்கு."

"உன் பக்கம் நீரோட்டம் வேற."

"ஒரே படகுல ரெண்டு ஆறா? சரிதான்!"

நாலாவது கட்டும் போய் ஐந்தாவதும் வந்தது. பல்லால் நரம்பைக் கடித்து முடிச்சை இறுக்கினான். முகம் வேர்த்துவிட்டது. சாயங்காலம் நெருங்க நெருங்க அவனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. வெர்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெல்மர், கையைக் கொஞ்சம் மோந்து பாரு."

மோந்தான். பெட்ரோல். காலையில் படகு மோட்டாருக்கு ஊற்றும்போது டப்பா வழிந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அப்படியே ஈரலை எடுத்துவிட்டான். ஐந்து கட்டிலும் அதே கைதான் பட்டிருந்தது.

"கெளுத்திக்கு ஒடம்பெல்லாம் நாக்கு, பெட்ரோல் தொட்ட கையால எரையைத் தொடாதீங்கன்னு கடையில எல்லாருக்கும் சொல்றது யாரு?"

"நான்தான்" என்றான் அவன், ஈனஸ்வரத்தில். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில ஆறு மணிக்கு."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீயாக் கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன். நீயா ஏதாவது சொல்வேன்னும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், மூணு வருஷமா."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவன் தூண்டிலைப் பிடுங்கி, ஒரு சாதாரணத் தக்கை கட்டி, தன் கையாலேயே ஈரல் கோத்து வீசினாள். கழியைப் படகின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். "இதைத் தொட்டே, கொன்னுடுவேன்" என்று எச்சரித்தாள்.

தொட முடியாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு டெல்மர் தக்கையைப் பார்த்தான். மாற்றிக் கட்ட இனி ஒன்றுமில்லை. வாயைத்தான் திறக்க வேண்டும்.

"வெர்னா..."

அந்த நேரம் பார்த்துத் தக்கை சட்டென்று முழுகியது. கழி விளிம்பில் உரசிக்கொண்டு நழுவியது.

"டெல்மர்! கழி! பிடி, பிடி!"

அவன் அவள் கையைப் பிடித்தான். நாற்பது வகைக் கட்டுக்கும் ஈடுகொடுத்த அவனுடைய அருமைக் கழி தொபுக்கென்று ஆற்றில் விழுந்து, மீனோடு போயே போய்விட்டது.

"போகட்டும். நீ துல்சாவுக்குப் போகாதே. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ."

வெர்னா கழி போன திசையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்ட, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மீனுக்கு அஞ்சு விதமாக் கட்டிப் பார்த்த மனுஷன், என்கிட்ட மட்டும் ஒரே வீச்சுல வந்துட்டியே!"

"பதில் சொல்லு."

அவள் பைக்குள் துழாவி ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொதல்ல கையைக் கழுவு. அப்புறம் எங்க அக்காவுக்குப் போன் போட்டு, நான் வரலைன்னு நீயே சொல்லு."

அவன் படகிலிருந்து குனிந்து, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.