சிந்தசைசருக்குச் சந்தனப் பொட்டு

“பொட்டு வைக்கணும்னா மேலாக்க ஒண்ணு வச்சிட்டுப் போக வேண்டியதுதானடி! குமிழுக்குக் குமிழு, கட்டைக்குக் கட்டை… அதென்ன சடங்கான புள்ளையா, நலுங்கு வைக்க?”

“நீங்கதான சொன்னீக? நாளைக்குக் கைமாறிப் போற பொருளு, நல்லபடியா சாமி கும்பிட்டு வையின்னு!”

“கும்பிடத்தான் சொன்னேன். குளிப்பாட்டச் சொன்னேனா?”

விஜயதசமிக் காலையில் திருச்சுழியின் அந்தச் சின்னத் தெருவில் இந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையைவிட வேறென்ன விசேஷம் வேண்டும்? எதிர்வீட்டுச் சுப்பம்மாள், போட்டு முடித்த கோலத்தின் மேலேயே மறுபடி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் இன்பராஜ் வீட்டுக்குள் இருந்தது.

உள்ளே மேசை மேல் கிடந்தது அந்த ஜப்பான் சிந்தசைசர், கரண்டில் பாடும் கட்டைப் பெட்டி. எண்பத்து நாலில் கோடம்பாக்கத்துப் பாட்டுப் பதிவுக்கூடம் ஒன்று கழித்துப் போட்டதை இன்பராஜ் பழைய சாமான் விலைக்கு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டை அமுக்கினால் ஒன்று ஊமையாகிவிடும். ஆனால் வரிசையாக இருக்கிற குமிழ்களை மேலும் கீழும் தள்ளித் தள்ளி, மகுடியும் நாயனமும் புயல்காற்றும் அதிலிருந்து எடுப்பான். பூமிநாதனின் மெல்லிசைக் குழுவில் அவனுக்கு நாற்காலி கிடைத்ததே அதனால்தான். முத்துலட்சுமி கிடைத்ததும் அதனால்தான் என்பாள் சுப்பம்மாள். அருப்புக்கோட்டை இரும்புக்கடைக்காரர் மகள், பொங்கல் கச்சேரியில் மகுடியைக் கேட்டு மயங்கிவிட்டாளாம். “பொட்டிய நம்பிப் பொண்ணக் குடுத்தேன்” என்று அவள் அப்பா இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏழு வருஷத்தில் காலம் மாறிவிட்டது. தபேலா, ட்ரம்ஸு, வயலின் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய புது கீபோர்டுகள் வந்து இறங்கின.

“ஏலே இன்பராசு, உன் பொட்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குப் பாம்ப ஆடவிடப் போற?” என்றார் பூமிநாதன். “பங்குனிக்குள்ள புதுசு மாத்து. இல்லைன்னா நான் ஆள மாத்திக்கிறேன்.”

சொந்த ஊரான பரளச்சியில் கிடந்த வானம் பார்த்த நிலம் விதையைக்கூடத் திருப்பித் தராது. நாற்காலி போனால் இன்பராஜுக்கு வேறு கதி கிடையாது. அது முத்துலட்சுமிக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் மதுரையில் பழைய வாத்தியங்களை வாங்கி விற்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்து பெட்டியைப் பார்த்தார். பார்த்தவர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“தம்பி, இந்த மாடல இப்ப எவனும் செய்யிறதில்ல. மெட்ராஸ்ல ஒருத்தரு இந்தச் சத்தந்தான் வேணும்னு அலையிறாரு. பொட்டிக்குப் பொட்டி மாத்திக்குவோம். புது கீபோர்டு நான் கொண்டு வாரேன். விஜயதசமியில கைமாத்துனா ரெண்டு பேருக்கும் விருத்தி.”

அன்றிலிருந்து முத்துலட்சுமி நாளை எண்ணத் தொடங்கினாள். வரப்போகிற கீபோர்டுக்குத் தன் பழைய பட்டுப் புடவையைக் கிழித்து உறைகூடத் தைத்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று, வாசித்துக் காட்ட நல்ல ஸ்பீக்கர் இரவல் வாங்க இன்பராஜ் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தான். முத்துலட்சுமி வேலையில் இறங்கினாள். பிறந்த வீட்டில் தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். இதையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். திருவிழாப் பொட்டல்களின் செம்மண்ணும் கரிசலும் துணியில் வந்தன. பன்னீரில் சந்தனத்தைத் தளர்த்தியாகக் குழைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை ஒன்றையும் விடவில்லை. தலைமாட்டில் இலை போட்டு, பொரி, கடலை, வெல்லம். உடைத்த தேங்காயின் தண்ணீரைத் தீர்த்தமாகத் தெளித்தாள். தாராளமாகவே தெளித்தாள்.

சாயங்காலம் வந்த இன்பராஜ் பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கேடி” என்று பூரித்தான். சூடம் காட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் கும்பிட்டான். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக்கூடாது என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கி இறுகியது. வெல்லம் கசிந்த வழியே எறும்பு ஊர்வலம் போனது.

காலையில் இலையை எடுத்து, இறுகிக் கிடந்த சந்தனத்தைப் பார்த்தபோதுதான் இந்தச் சண்டை.

சண்டை ஓய்வதற்குள் அண்ணாச்சியின் வேன் வந்துவிட்டது. இன்பராஜ் அவசரமாக ஈர்க்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, பொட்டிக்குப் பல்லு விளக்குறீகளா?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் அண்ணாச்சி. சுவிட்சைப் போட்டார்.

ஒரே ஒரு சுரம் கிளம்பியது. நிற்கவில்லை. கட்டையை அமுக்கினாலும் அதே சுரம், விட்டாலும் அதே சுரம். குமிழைத் தள்ளினால் சந்தனம் நொறுங்கி, சத்தம் ஒப்பாரியாக ஏறியது. சூடு பொறுக்காத எறும்புகள் கட்டைகளுக்கு நடுவிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு அண்ணாச்சியின் விரல்களில் ஏறின. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

வாசலுக்கே வந்துவிட்ட சுப்பம்மாள், “ஏத்தா, பொட்டிக்குச் சாமி வந்திருச்சா?” என்றாள்.

“அண்ணாச்சி, வெயில்ல காய வச்சாச் சரியாயிரும். ரெண்டு நாள் பொறுங்க” என்றான் இன்பராஜ்.

“வாங்குறவன் காதுல பூ வச்சுக்கிட்டா இருக்கான்?” என்றவர் முத்துலட்சுமியைப் பார்த்தார். “ஏம்மா, எங்க கடையிலயும் மத்தளத்துக்குச் சந்தனம் வைக்கிறோம். மத்தளத்துக்குள்ள கரண்டா ஓடுது?”

முத்துலட்சுமி வாசல் பக்கம் பார்த்தாள். வேனின் பின்கதவு வழியே புது கீபோர்டின் அட்டைப்பெட்டி தெரிந்தது. கயிறுகூட அவிழ்க்காமல் அது வந்த வழியே திரும்பிப் போனது. பட்டு உறையை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் செருகினாள்.

அருப்புக்கோட்டை ரேடியோ மெக்கானிக் பொன்ராஜ், பெட்டியைப் பிரித்து பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். கழுவிய பிறகு ஒப்பாரி நின்றது. மற்ற எல்லாச் சத்தமும் சேர்ந்து நின்றது. “இதுக்குச் சாமான் ஜப்பான்லயே கெடைக்காது” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இன்பராஜ் அதற்குமேல் சண்டை போடவில்லை. முத்துலட்சுமிக்கு அதுதான் தாங்கவில்லை. பொழுதுக்கும் ஊமைப் பெட்டி முன் உட்கார்ந்து கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பான். அடுப்படியில் அவளுக்கு டக், டக்கென்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் கேட்கும்.

“ரெண்டு வார்த்தை திட்டிப்புடுங்களேன்” என்றாள் ஒருநாள்.

“உன்ன என்னத்தத் திட்ட? நானுந்தான விழுந்து கும்பிட்டேன்.”

நகையைக் கொடு, புதுசு வாங்கலாம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அப்பா கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். “அடுத்த பூசைக்கு அதையும் கழுவவா?” என்றார் அப்பா. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸேறிவிட்டாள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. பூமிநாதன் குழுவில் உதயகுமார் என்ற புதுப் பையன் உட்கார்ந்தான். அவன் முன்னால் இருந்தது அண்ணாச்சி திருப்பிக் கொண்டுபோன அதே கீபோர்டுதான் என்று சுப்பம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பொட்டலில் போட்ட பாட்டு ஒலிபெருக்கியில் தெரு முழுக்க வந்தது. இன்பராஜ் சன்னலைச் சாத்தினான். ஓட்டு வீட்டில் சன்னலைச் சாத்தி என்ன ஆகப்போகிறது?

சித்திரையில் அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். மறுமாசமே முத்துலட்சுமியும் போய்விட்டாள். காலியான வீட்டைச் சுப்பம்மாள் தன் மருமகனுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள். ஆவணியில் உதயகுமார், குழுவின் பாடகி தங்கச்செல்வியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குக் குடிபோனான். இன்பராஜின் தங்கை தீபலட்சுமியை மட்டும் பரளச்சியிலேயே கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குக் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ரிக்கார்டு போட்டால் போதும் என்று திருப்பூரிலிருந்து சொல்லியனுப்பினான் அண்ணன்காரன்.