மறைப்பவை யாவும்

பட்டு வாங்கக் காஞ்சிபுரம் வருகிற கூட்டம் மெயின் ரோட்டு ஏசி கடையில் இறங்கி, கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடும். பெரிய காஞ்சிபுரத்துப் பழைய கடைத்தெருவை எட்டிப் பார்க்க ஆளில்லை. பாத்திரக் கடையும் நூல் கடையும் நாட்டு மருந்துக் கடையும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. கடை படுத்தால் மூட்டை தூக்குகிறவன் வயிறும் படுத்துவிடும். அதனால், "எவனோ வந்து செய்வான்னு பாத்துக்கினு இருந்தா ஆகாது, நம்ம தெருவை நாமளே நிமித்துவோம்" என்று பாத்திரக் கடை பூவராகவன் சங்கம் ஆரம்பித்தபோது, மூட்டைக்காரர்களுக்கும் அதில் ஓர் இடம் வைத்தார். அந்த இடத்துக்கு வந்தவன் தர்மன். அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அவன் ஒருவன்தான். அதையும் நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் போய்க் கற்றுக்கொண்டான்.

முதல் கூட்டத்தில் பூவராகவன் நாற்காலியைக் காட்டினார். தர்மன் நின்றுகொண்டே இருந்தான்.

"அது மூட்டை இல்லப்பா, தலை மேல ஏத்திக்காத. உக்காரணும்" என்றார் நூல் கடை ராஜகோபால்.

எல்லோரும் சிரித்தார்கள். தர்மனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக முதுகின் மேல் மூட்டை சாய்ந்திருக்கிறது. கடைக்காரர்கள் நடுவில் அந்த முதுகு சாய்ந்ததில்லை. என்னவோ போல் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

யோசனை நல்ல யோசனைதான். முகப்பில் அடித்திருக்கிற பிளாஸ்டிக் போர்டையும் தகரத்தையும் பிடுங்கிவிட்டால், பின்னால் தேக்குத் தூணும் செதுக்கு வேலை உத்திரமும் பழுதில்லாமல் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் கோயிலுக்கு வருகிறவர்கள் தானாக இந்தப் பக்கம் திரும்புவார்கள். பூவராகவன் கடைக் கதவுப் பலகையில் சாக்பீஸால் எழுதினார்: 'தெரு முகப்பை மறைப்பவை யாவும் எடுக்கப்படும்.'

"ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம். எல்லாருக்கும் சரின்னா கை தூக்குங்க."

தர்மன் உதட்டுக்குள் எழுத்துக் கூட்டினான். 'யாவும்' என்ற இடத்தில் நின்றுவிட்டான். யாவும் என்றால் ஒன்று விடாமல் எல்லாம். கண் தானாக வெளியே போனது. மருந்துக் கடை வாசலில் இரண்டு தூணுக்கும் நடுவே நீலப் படுதா கட்டி, கூழ்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள் மணியம்மாள். மூட்டைக்காரர்களுக்கும் நூல் வாங்க வரும் நெசவாளர்களுக்கும் காலை ஆகாரம் அவள் கையால்தான்.

கேட்டிருக்கலாம். 'அந்தக்கா படுதாவும் இதுல சேர்த்தியா?' என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டால், உட்காரவைத்த முதல் நாளே வம்பு பண்ணுகிறான் என்பார்களே. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை மேலே போய்விட்டது.

"பாத்தீங்களா, முதல் கை தர்மன் கை!" என்றார் பூவராகவன்.

போர்டு, தகரம் எல்லாம் பிடுங்கியதில் பாதி வேலை தர்மனுடையது. படுதாவின் முறை வந்தபோது மட்டும் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல உள்ளே போய்விட்டான். முடிச்சை வேறு யாரோ அவிழ்த்தார்கள். மணியம்மாள் பானையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி சாக்கடை ஓரம் போனாள். நாற்றத்தில் யார் நின்று குடிப்பார்கள்? பாதிக் கூழ் மாட்டுக்குப் போனது.

தெரு பிழைத்துக்கொண்டது. வெளியூர் ஜனம் தூணைத் தடவிப் பார்த்து, அண்ணாந்து போட்டோ எடுத்து, குத்துவிளக்கும் சொம்பும் வாங்கிப் போனார்கள். தர்மனுக்கும் மூட்டை கூடியது. கூலி கையில் விழும்போதெல்லாம் சாக்கடை ஓரம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் போய் அவள் எதிரே நின்றான்.

"வாப்பா தர்மா. இன்னா மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்குது?"

"எக்கா... நானும் கை தூக்கினேன்கா."

"கேள்விப்பட்டேன். நீ இன்னா பண்ணுவ? பெரிய பெரிய வார்த்தையா எழுதிக் காட்டி உன்னை ஏமாத்திட்டானுங்க. அரைகுறை எழுத்து உனக்கு. புரிஞ்சிருந்தா என் வயித்துல அடிப்பியா நீ?"

நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தான்.

அடுத்த கூட்டத்தில் அவன் உட்காரவே இல்லை.

"மொதலாளி, மணியம்மா அக்காவைப் பழைய எடத்துலயே வுட்றணும். அன்னிக்கி நான் தூக்கின கையை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"இது இன்னா சீட்டாட்டமா?" என்றார் ராஜகோபால். "புரிஞ்சி தூக்கின கையை இப்ப எறக்குனா நாளைக்கி ஆளாளுக்கு எறக்குவான். தகரமெல்லாம் திரும்பி வந்துடும்."

"புரிஞ்சி தூக்கலை, மொதலாளி."

"பலகையில எழுதித்தான இருந்தது?"

அறிவொளி வகுப்பில் முதன்முதலாகத் தன் பேரைத் தானே வாசித்த அன்று, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவன் தர்மன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் போடுவேன். சும்மா பீத்திக்கினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூவராகவன் சிரிக்கவில்லை.

"தெரியாம தூக்கின கை கணக்குல வராது. அந்தம்மா வரட்டும். தூணுல படுதா வேணாம். சங்கமே ஒரு பெரிய குடை வாங்கித் தரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா தர்மா, இங்க படிச்சிப் புரிஞ்சிக்கிற ஆள் இருந்தாத்தான் சரிவரும். வேற யாரையாவது அனுப்புங்கப்பா."

மணியம்மாள் திரும்பி வந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டு, கூழில் அவனுக்கு மட்டும் மோரைத் தாராளமாக ஊற்றினாள்.

"எத்தினி பேருக்கு எதிர்ல சொன்ன தர்மா! எனக்காவ மானத்தை வுட்டியே!"

அவன் தலை நிமிரவில்லை. அப்போது, யாரோ கொடுத்துவிட்டுப் போன திருவிழா நோட்டீசை அவள் மடியிலிருந்து எடுத்தாள். தேர் என்றைக்கு என்று தெரிந்தால் அன்றைக்கு இரண்டு பானை கரைக்கலாம். பழக்கதோஷத்தில் தர்மன் கையை நீட்டிவிட்டான்.

"உனக்கு ஏன்பா அந்தக் கஷ்டம்? நீ குடி" என்று, பக்கத்தில் நின்ற நெசவாளர் ஒருவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, மேலிருந்து கீழே தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் இருந்தது, வெள்ளிக்கிழமை காலை. நின்ற இடத்திலிருந்தே தர்மன் அதை உதட்டுக்குள் கூட்டிப் படித்துவிட்டான்.

"இரும்மா, கண்டுபிடிக்கிறேன்" என்றார் நெசவாளர்.

தர்மன் சொம்பைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டான்.