கேட்காமல் எடுத்த முகம்

பதினொரு வருடமாகக் கார்களில் பொம்மைப் பெண்களை ஒட்டிப் பிழைக்கிறேன். கார்ட்டூன் கதாநாயகிகள். முகத்தில் பாதிக்குக் கண், ஊதா நிறத்தில் தலைமுடி, காற்றில்லாமலே பறக்கிற பாவாடை. பானெட்டில் ஒருத்தி, இரண்டு பக்கக் கதவுகளிலும் ஒருத்தி, பின்கண்ணாடியில் கண்ணடித்துக்கொண்டு இன்னொருத்தி. இந்தக் கார்களை எங்கள் ஜப்பானில் இதாஷா என்பார்கள். பார்த்தாலே வலிக்கிற கார் என்று அர்த்தம். ஓட்டுகிறவர்களே வைத்துக்கொண்ட பெயர்தான். வலிக்கும் என்று தெரிந்தேதான் ஓட்டுகிறார்கள்.

முதல் ஆறு வருடம் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் கார்டினா என்ற ஊரில், ரமிரோ என்பவனின் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே கார் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். இறங்குகிறவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இன்னும் பெருசா ஒட்டு, இன்னும் கொஞ்சம் துணியைக் குறை." ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் கூடி டயரைத் தேய்த்துப் புகை விடுவார்கள். பீர் நாற்றமும் ரப்பர் நாற்றமும் கலந்து தலைமுடியில் ஒட்டிக்கொண்டால் மூன்று தரம் குளித்தாலும் போகாது.

அங்கே ஒருவன், விட்டுப்போன மனைவியின் முகத்தையே கொம்பு வைத்து வரைந்து, பெயரையும் போட்டு, பானெட்டில் ஒட்டிக்கொண்டு சுற்றினான். அவள் இரும்புக் கம்பியோடு வந்து முன்கண்ணாடியை நொறுக்கினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்து, விசிலடித்து, "வீடியோ சரியா விழல, இன்னொரு போடு போடும்மா" என்றார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் இருந்தாலும் மரியாதையாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜப்பானுக்கு, என் ஊரான காகேகாவாவுக்குத் திரும்பி வந்தேன்.

மரியாதைக்குக் குறைவே இல்லை. இங்கே வருகிறவர்கள் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பூனை மாதிரி வருவார்கள். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. குனிந்து குனிந்து பேசுவார்கள். பெற்ற தாய்க்கே தெரியாமல் இரண்டு தெரு தள்ளி, உறை போட்டுக் காரை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நடுவே கதவின் இடுக்கு வந்துவிடக் கூடாது. கைப்பிடி கன்னத்தில் விழக் கூடாது. பெட்ரோல் மூடி நெற்றியில் வந்துவிட்டது என்று என் முன்னால் கண்கலங்கிய நாற்பது வயது ஆளைப் பார்த்திருக்கிறேன். பொம்மையின் பிறந்தநாளுக்கு பம்பர் முன்னால் கேக் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, எல்லாரும் நின்று பாடுவார்கள். அமெரிக்காவில் மூக்கைப் பிடித்துக்கொண்டேன் என்றால் இங்கே சிரிப்பை அடக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று ஒட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹிருகாவா, இங்கே நான் சேர்ந்த பட்டறையின் பெரிய வாடிக்கையாளர். பியானோ உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வருடம் ஒரு முறை கடைத்தெரு கார் நிறுத்தத்தில் நடக்கிற இதாஷா கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எஞ்சினை உறுமவிடக் கூடாது, நம்பர் பிளேட்டை மறைக்க வேண்டும், அடுத்தவர் காரில் விரல்கூடப் படக் கூடாது, சொந்தக்காரரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எல்லா விதியும் அவர் போட்டதுதான். இந்த வருடம் தன் வெள்ளை வேனுக்குப் புதுப் பெண்ணை ஒட்டவேண்டும் என்று வந்தார்.

"எந்த சினிமாவுலயும் வராதவ மேடம். என் சொந்தக் கற்பனை. ஓவியர்கிட்ட சொல்லி வரைஞ்சு வாங்கினேன். யார் அனுமதியும் தேவையில்ல பாருங்க."

முதலாளி முனகாதா பூரித்துப்போனார். "சொந்தக் கற்பனை! உங்களுக்குத்தான் சார் இது வரும்."

படம் நேராக அச்சகத்துக்குப் போய், ஸ்டிக்கராகப் பட்டை பட்டையாகத்தான் எங்களிடம் வரும். ஒட்டும்போது மூக்கு வண்டியில் இடிக்கிற தூரத்தில் நிற்போம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணிமை தெரியும், முழம் நீளத்துக்கு ஒரு முடிக்கற்றை தெரியும். முழு ஆளைப் பார்க்க முடியாது. பானெட்டில் கடைசிப் பட்டையையும் தேய்த்து, ஓரத்துக்குச் சூடு காட்டி முடித்து, இடுப்பை நிமிர்த்திப் பின்னால் நாலடி போய்ப் பார்த்தேன்.

என் தங்கை சயோகோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் தலைத்துணி. இடது கண்ணுக்குக் கீழே மச்சம். சிரிப்பு வந்ததும் வாயை மறைக்கத் தூக்கிய கை, விரல்களைச் சேர்க்காமல், ஓரமாகச் சாய்த்து. உலகத்தில் வேறு யாரும் அப்படி வாயை மூடிச் சிரிக்க மாட்டார்கள். அவளுக்கு ஒரு பல் தெற்றுப்பல். பள்ளிக்கூட நாளிலிருந்து அதை மறைக்கிற கை அது. கண்ணை மட்டும் ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எதையெல்லாம் பெரிதாக்கியிருந்தார்கள் என்று சொல்ல என் வாய் கூசுகிறது.

சயோகோ முன்பு ஹமமாட்ஸுவில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். ஒரு வாடிக்கையாளன் மாதக்கணக்கில் அவள் பின்னாலேயே வீட்டு வாசல்வரை வந்துகொண்டிருந்தான். புகார் கொடுத்ததற்கு, "அவர் ஒண்ணும் செய்யலையேம்மா, நடந்துதானே வர்றாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். வேலையை விட்டு என்னிடம் வந்தாள். ஒரு வருடம் குப்பை போடக்கூடத் தெருவில் இறங்கவில்லை. போன வருடம்தான் மெதுவாக நம் கடைத்தெருவிலேயே ஒரு பெந்தோ கடையில் சேர்ந்தாள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது கடைக்குள்ளிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. தெருவில் நின்று அழுதேன். எனக்கு உலகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ள இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதைத்தான் என் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி அதே கடைத்தெருவில் நிற்கும். அவளிடம் சாப்பாடு வாங்குகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். அவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஹிருகாவா வண்டியைப் பார்க்க வந்தார். வழக்கம்போல இனிப்புப் பெட்டி.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"சொன்னேனே மேடம், கற்பனை..."

"பெந்தோ கடையில நிக்கிறவ. என் கூடப்பிறந்தவ."

அவர் முகம் வெளிறிவிட்டது. மூன்று தரம் குனிந்தார். ஆனால் குனிந்து சொன்னதைக் கேளுங்கள்.

"உங்க தங்கச்சின்னு சத்தியமா தெரியாது. ஆனா மேடம், நான் ஒரு போட்டோகூட எடுக்கல. கேக்காம எடுக்கறது அசிங்கம் இல்லையா? பேருகூடக் கேட்டதில்ல. மனசுல பதிஞ்சதை ஓவியர்கிட்ட வாயால சொன்னேன், அவ்வளவுதான். இதை வரையக் கொடுத்ததிலேருந்து அந்தக் கடைப் பக்கமே போறதில்ல. அவங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாது பாருங்க."

நடிக்கவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த மனிதர் ஒரு விதியைக்கூட மீறவில்லை, அதனால் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"உரிச்சுடறேன். வேற மூஞ்சி வரைஞ்சு வாங்கிட்டு வாங்க."

"அது... கொஞ்சம் சிரமமா இருக்கும்" என்றார் தரையைப் பார்த்து. எங்கள் ஊரில் முடியாது என்பதை இப்படித்தான் சொல்வார்கள். "எல்லாருக்கும் சொல்லியாச்சு. நடு இடம் இந்த வண்டிக்குத்தான். அதுவும் இல்லாம, இவ அவங்க இல்ல மேடம். இவளுக்குப் பேரு வேற, குணம் வேற. பல்லைக்கூடச் சரி பண்ணிட்டோம்."

ஸ்டிக்கருக்குச் சூடு காட்டுகிற ஹீட் கன் கையில் இருந்தது, அதை அவர் மூஞ்சிக்குக் காட்டியிருப்பேன். முதலாளி நடுவில் புகுந்து, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"தோக்கியே!" என்று என் பெயரைச் சொல்லி அதட்டினார். "நமக்கு வர்ற வண்டியில பாதி அவர் அனுப்பறது. கூட்டத்துல நாம கடையும் போடறோம். உனக்குத் தங்கச்சி மாதிரி தெரியுது. ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

"மச்சம் இருக்கு முதலாளி."

"மச்சம் யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் இருக்கு."

"அப்ப உங்க மூஞ்சியை ஒட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, ஆள் எப்படி இருப்பார் என்பது முதல் எல்லாவற்றையும் சயோகோவிடம் சொன்னேன். மறைத்து வைத்து, அவள் வேலைக்குப் போகிற வழியில் தன்னையே பார்த்து நிற்பதைவிட இது மேல் என்று தோன்றியது. அவள் கையில் இருந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இதோ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவரு எது வாங்குவாரு? பொரிச்ச கோழிப் பெட்டியா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்?"

"ஊறுகாய் வேண்டாம்னு சொல்லுவாரு. ரெண்டு கையாலயும் வாங்கிப்பாரு. நல்ல மனுஷன்னு நினைச்சேன்க்கா." கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை எண்பது கார்கள் அணிவகுத்து நின்றன. ஒரு உறுமல் இல்லை. நம்பர் பிளேட் எல்லாம் அட்டை போட்டு மறைத்திருந்தது. கோயிலுக்குள் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். ஓரம் பெயர்ந்த ஸ்டிக்கருக்குச் சூடு காட்டிக்கொடுக்க எங்கள் பட்டறை ஒரு மேசை போட்டிருந்தது. நான் அங்கே நின்றேன். நடு இடத்தில் வெள்ளை வேன். அதன் பக்கத்தில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ஹிருகாவா பெண்ணைப் பெற்றவர் மாதிரி நின்றார். படம் எடுக்க ஒரு வரிசை. ஒவ்வொருவரும் குனிந்து, "எடுத்துக்கலாமா?" அவரும் குனிந்து, "தாராளமா."

சயோகோ வேலை உடுப்போடு வந்தாள். தலையில் மஞ்சள் துணி, முகத்தில் கவசம். யாரையும் பார்க்காமல் வரிசையில் போய் நின்றாள். மேசையை விட்டு அவளிடம் போனேன்.

அவள் முறை வந்தது. ஹிருகாவா அவளைப் பார்த்தார். மாதக்கணக்கில் நாள்தோறும் பார்த்த முகம். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. "அடடா, அதே வேஷம் போட்டு வந்திருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம்!" என்று குனிந்தார். "கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க, முகத்துல கை பட்டுடப் போகுது."

சயோகோ கவசத்தைக் கழற்றினாள். வாயை மறைக்க உயர்ந்த கையை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டாள். தெற்றுப்பல் தெரிய, "ஊறுகாய் இல்லாம, பொரிச்ச கோழி" என்றாள்.

ஹிருகாவாவின் வாய் திறந்தபடியே நின்றது. சுற்றியிருந்தவர்கள் பானெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இனி யாராவது ஒருவன் சீ என்று சொல்வான் என்று காத்திருந்தேன். பின்னால் நின்ற ஒருத்தர் கேமராவோடு ஓரடி முன்னால் வந்தார், பணிவாகக் குனிந்தார். என் தங்கையிடம் அல்ல, ஹிருகாவாவிடம்.

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுத்துக்கலாமா?"

ஹிருகாவா, பழக்க தோஷம், "தாராளமா" என்றார்.

கார்டினாவில் விசிலடித்தவர்கள் இவர்களைவிட எவ்வளவோ தேவலை. அவர்கள் பன்றிகள் என்று அவர்களுக்கே தெரியும்.

சயோகோ பானெட்டை நோக்கிப் போனாள். ஓரத்தில் நகத்தை விட்டாள். வரவில்லை. நான் ஒட்டினது, லேசில் வராது. நான் ஓடிப்போய் ஹீட் கன்னை எடுத்து வந்து விளிம்புக்குச் சூடு காட்டினேன். முதலாளி எங்கிருந்தோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பட்டை இளகிக் கிளம்பியதும் அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் கூட்டத்திலிருந்து முதல் சத்தம் வந்தது. "ஐயையோ! கார்ல கை வைக்கறாங்க!" எத்தனை பேர் பதறினார்கள், எத்தனை பேர் ஓடிவந்தார்கள்! ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

கூட்டத்தின் துணைத்தலைவர் என்று சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த ஒருவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். கோபமாக இருந்தாலும் குரல் என்னவோ மென்மைதான்.

"ரொம்ப வருத்தமான விஷயம்ங்க இது. அடுத்தவங்க பொருளை இப்படிச் செய்யலாமா? தலைவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க."

சயோகோவின் கையில் கசங்கிய ஸ்டிக்கர் அவள் விரல்களிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கினாள்.

"கேக்கறேன். என் மூஞ்சியை யாரைக் கேட்டு எடுத்தாருன்னு மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்க."

துணைத்தலைவர் திரும்பி ஹிருகாவாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஹிருகாவா தாடைக்கு இறக்கியிருந்த கவசத்தை மூக்குவரை ஏற்றி, தன் முகத்தைப் பத்திரமாக மூடிக்கொண்டார்.