செவ்வாய்க்கிழமை வந்தவர்

பிரதேச செயலக வாசலில் நின்ற காவலாளி சாமித்தம்பி றபீக்காவைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்தபடி வந்த தம்பி ஸஹீதைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"என்ன தம்பி, மறுகாவும் வந்திரிக்கீங்க? வேல முடிஞ்சிட்டெண்டு சொன்னீங்களே?"

ஸஹீத் அவருடைய சட்டைப் பித்தானைப் பிடிக்க எட்டினான். றபீக்கா அவன் கையை இழுத்துக்கொண்டாள். மனிதர் ஆளை மாறிக் கதைக்கிறார் என்றுதான் நினைத்தாள். இந்த அலுவலகத்தின் படியை ஸஹீத் இன்றைக்கு முன் மிதித்ததேயில்லை. இத்தனை வருடமும் கிராம சேவகர்தான் வீட்டுக்கு வந்து, ஸஹீத் பாயில் இருந்து ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ரெண்டு வரி எழுதிக்கொண்டு போவார். ஆனால் போன சனிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. மீள்மதிப்பீட்டின் முடிவில் ஸஹீதின் உதவிக் கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது. எவர் மதிப்பிட்டார், எப்போது மதிப்பிட்டார் என்று றபீக்காவுக்கு விளங்கவில்லை. விளங்கியதெல்லாம் ஒன்றுதான். அவனுடைய வலிப்பு மருந்து அந்தக் காசில்தான் வருகிறது. அது ரெண்டு நாள் தவறினாலும் அவன் தாங்கமாட்டான்.

உள்ளே, சமூக சேவை உத்தியோகத்தர் முஸ்பிறா அவர்களைக் கண்டதும் எழுந்தாள். பழகியவரைக் கண்ட சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. ஸஹீத் கதிரையில் இருக்காமல் தரையில் குந்தி மேசைக்காலைச் சுரண்டத் தொடங்கினான். வாயோரம் நீர் வடிந்தது. றபீக்கா சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். முஸ்பிறாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இவர்... ஸஹீத்தானே?"

"ஓம் மிஸ். என்ட தம்பி."

"இவருக்கு என்ன நடந்த? போன செவ்வாக்கிழம நல்லா இருந்தாரே. தனிய வந்தாரே."

றபீக்கா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "மிஸ், இவனுக்கு முப்பத்தஞ்சு வயசு. தனியக் கக்கூசுக்கும் போகமாட்டான்."

முஸ்பிறா அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துவந்து விரித்தாள். படிவத்தின் கேள்விகளுக்கெல்லாம் நீல மையில் பதில் இருந்தது. அன்றைய திகதி சரி. வீட்டு விலாசம் சரி. வாப்பாவின் பெயர், உம்மா மௌத்தான வருடம், எல்லாம் சரி. அடியில் ஸஹீத் என்று ஒரு கையொப்பம். எழுதப் பழகி வளர்ந்த ஒரு மனிதனின், அவசரமில்லாத கையொப்பம்.

முஸ்பிறா குரலைத் தாழ்த்தினாள். "அவரேதான் எழுதின. இந்தக் காசு எனக்கு இனி வேணாம், வேற ஆருக்கும் குடுங்க எண்டு சொன்ன. முகமும் இதேதான், ராத்தா. புருவத்தில இந்தத் தழும்பும் இருந்திச்சு."

செவ்வாய்க்கிழமையை றபீக்கா நினைத்துப் பார்த்தாள். அன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸஹீத் படுத்தவன், பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவேயில்லை. பகலில் தூங்குகிறவன் அல்ல அவன். இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டு மூன்று தரம் போய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ஆனால் மிக மெல்லியதாக, தூரத்தில் எங்கேயோ இருந்து வருவதுபோல இருந்தது. உடம்பு குளிர்ந்து கிடந்தது. எழும்பியதும் அவன் உள்ளங்காலில் மணல் ஒட்டியிருந்ததை அவள் கண்டாள். முற்றத்து மணலாக்கும் என்று தட்டிவிட்டாள்.

அவன் பிறந்தது தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக் கரச்சலுக்குள். ஊரடங்கு. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். உம்மா ஒரு பகலும் ஓர் இரவும் வலியில் கிடந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொன்னாராம். அந்தக் 'கொஞ்சம் முந்தி'யை உம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அப்போது றபீக்காவுக்குப் பதினான்கு வயது. கொஞ்சம் முந்திப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு தம்பியை அவள் மனதுக்குள் எத்தனையோ தரம் வளர்த்திருக்கிறாள். பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள். பெண் பார்த்திருக்கிறாள்.

சண்டை பிடிக்க வந்தவள், தன்னையறியாமல் கேட்டாள்: "எப்பிடிக் கதைச்சான், மிஸ்?"

முஸ்பிறா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "மெதுவாத்தான். ஒவ்வொரு சொல்லா. தேத்தண்ணி ஆறப்போகுது, குடிங்க மிஸ் எண்டு எனக்குச் சொன்ன."

"மறுகா என்ன சொன்னான்?"

"இந்தத் தழும்பு என்னெண்டு கேட்டன். சின்னதில கிணத்தடியில விழுந்த எண்டார்."

றபீக்கா ஸஹீதின் புருவத்தைக் குனிந்து பார்த்தாள். கதவு அடித்த காயம் அது. அப்படித்தான் உம்மாவுக்குச் சொன்னாள். ஊருக்கும் அதுதான் தெரியும். கிணற்றடியில் வாளி இழுக்கும்போது அவன் கையை விட்டது அவள். பார்த்தவர் எவருமில்லை. அவனைத் தவிர.

"இன்னொண்டும் சொன்ன," என்றாள் முஸ்பிறா. "என்ட ராத்தா கைய விட்டிட்டா, ஆனா அது அவட பிழ இல்ல எண்டு."

மேசைக்கடியில் ஸஹீத் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். றபீக்காவின் கண்ணீர் அந்தப் படிவத்தில் விழாமலிருக்க முஸ்பிறா அதைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "ராத்தா, இதுக்கு நான் என்னெண்டு விளக்கம் எழுத? அண்டைக்கு வந்த ஆள் என்ட தம்பி இல்ல எண்டு நீங்க எழுதித் தாங்க. அந்தப் படிவத்த நான் நீக்கிடுவன். இப்பவே திரும்ப மதிப்பீடு செய்து, காசு நிக்காமப் பார்க்கிறன்."

நியாயமான பேச்சு. றபீக்கா பேனையை எடுத்தாள். 'செவ்வாய்க்கிழமை வந்தவர்' என்று எழுதியவள் நின்றாள். அந்த ஆளுக்கு ஒரு தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க முடிந்திருந்தால். ஒரே ஒரு தரம் அவன் எதிரில் இருந்து சோறு தின்பதைப் பார்த்திருந்தால். கீழே ஸஹீத் அவளுடைய அபாயாவின் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். மருந்துப் போத்தலின் அடி தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியும்.

'என் தம்பி அல்ல' என்று எழுதி ஒப்பமிட்டாள்.

முஸ்பிறா அளவுகோல் வைத்துப் பழைய படிவத்தின் மேல் சிவப்புக் கோடு இழுத்தாள். கோடு கையொப்பத்தைத் தாண்டும்போது ஸஹீத் சப்புவதை நிறுத்தினான். பிறகு கேள்விகள் தொடங்கின. உங்கட பெயர் என்ன? இண்டைக்கு என்ன நாள்? அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை. முஸ்பிறா ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பதில் இல்லை' என்று எழுதினாள். காசு இனி ஒழுங்காக வரும் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

பஸ் தரிப்பிடத்தில் உச்சி வெயில். நிழல்கள் காலுக்கடியில் சுருண்டு கிடந்தன. ஸஹீத் ரோட்டைப் பாராமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இவனோடு அவள் நாள் முழுக்கக் கதைப்பவள்தான். சாப்பிடு, படு, சட்டையைக் கழற்றாதே. முப்பத்தைந்து வருடத்தில் பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"செவ்வாக்கிழம எங்க மனே போன?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, காத்திருந்தாள்.

ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. "நிந்தவூர், நிந்தவூர்!" என்று கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். ஸஹீதின் உதடுகள் மெல்லப் பிரிந்து, ஏதோ ஒரு எழுத்தைத் தேடுவதுபோலக் குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவர்களைப் பார்த்தார்கள். றபீக்கா பஸ்ஸை நோக்கி, கொஞ்சம் பொறுங்க என்று ஒரு கையை உயர்த்தியபடி, அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.