மகேஸ்வரிக்கு வந்த தடையாணை

மகேஸ்வரிக்குக் கோத்தகிரிக்கு மாற்றல் என்று தெரிந்தபோது, அவள் கணவன் இளவழகன் துபாயை விட்டு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பத்து வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவள். இப்போதுதான் அவன் விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் கம்பெனியில், சூளைக்குச் சரக்கு அடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தான். சாயங்காலமானால் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து நிற்பான். அந்தத் தூசியைக் கூட்டித் தள்ளுவதில்கூட அவளுக்கு ஒரு சந்தோஷம். அரசாங்கத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவள் இளநிலை உதவியாளராக இருந்த அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் என்று காதில் விழுந்ததும் மருத்துவ விடுப்பு போட்டுவிட வேண்டியது. ஹைகோர்ட்டில் தடையாணை கிடைக்கும்வரை அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சென்னை வக்கீல் பாரதியும் போனில் அதையேதான் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஸ்டே வர்ற வரைக்கும் ஆபீஸ் பக்கம் போயிடாதீங்கம்மா. இந்த ஆபீஸ்லேருந்து உங்கள விடுவிச்சிட்டதா ஆயிட்டா கேஸு நிக்காது."

மகேஸ்வரி வீட்டிலேயே கிடந்தாள். அப்போதுதான் கூட வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு சென்ட்ஆஃப் வெக்கிறோம். பிரியாணி சொல்லியாச்சி. மாமாவயும் கூட்டிக்கிட்டு வாங்க. நாங்க யாரும் இன்னும் அவர பாத்ததே இல்ல."

அங்கேதான் மகேஸ்வரி விழுந்தாள். ஆயுத பூஜைக்கு எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். அவள் மட்டும் பத்து வருஷமும் தனியாகப் போய் நின்றவள். புருஷன் உண்மையிலேயே வெளிநாட்டில்தான் இருக்கிறானா என்று முதுகுக்குப் பின்னால் பேசியதும் அவள் காதுக்கு வந்திருக்கிறது.

"வேணாம் மகேசு. வக்கீலம்மா அவ்ளோ தூரம் சொன்னாங்க இல்ல?" என்றான் இளவழகன்.

"அஞ்சு நிமிஷந்தாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு அவனோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கண்காணிப்பாளர் கோதண்டபாணி அவளுக்குச் சால்வை போர்த்தி, அவனுக்கு மாலை போட்டார். இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள் யாரும் அவளை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். ஜெயஸ்ரீ தேதி போட்டு, 'எங்கள் அக்கா இன்று விடைபெறுகிறார்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் தடையாணை வந்தது. மகேஸ்வரி பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். ஆனால் அரசுத் தரப்பு சும்மா இருக்குமா? தடையை நீக்கக் கோரிய மனுவோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தது. தடை வருவதற்கு முதல்நாளே இவர் விடுவிக்கப்பட்டுவிட்டார், சால்வையும் வாங்கிக்கொண்டார் என்றது. மருத்துவ விடுப்பில் இருந்தவர் பட்டும் சால்வையுமாக எப்படி நிற்கிறார் என்று நீதிபதி கேட்டார். தடை நீங்கியது.

"என்னாலதான்க்கா எல்லாம்" என்று ஜெயஸ்ரீ அழுதாள்.

"நீ என்னாடி பண்ணுவ? நான்தான அவர கூட்டிக்கிட்டு வந்து நின்னேன்."

தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் போவாள். அதுதான் உண்மை.

கோத்தகிரியில் ஒற்றை அறை. பகலிலேயே ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். வேலை முடிந்து வந்ததும் இளவழகனிடமிருந்து போன் வரும். அன்றைக்கு அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டான், குளிரைப் பற்றிக் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"எப்ப வருவ மகேசு?"

பத்து வருஷமாக அவள் அவனிடம் கேட்ட கேள்வி. அடுத்த மாசம் என்பான். வாய் கூசாமல் எப்படித்தான் பொய் சொல்கிறானோ என்று போனை வைத்துவிட்டுத் திட்டித் தீர்ப்பாள்.

அன்று காலையில்தான் அவளுக்கு லீவு இல்லையென்று சொல்லியிருந்தார்கள்.

"அடுத்த மாசம் வந்துடுறேங்க" என்றாள்.

"சரி" என்றான் அவன்.