பதியாத ஒருத்தி

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மழை வரும்போல இருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கப் பின்வளவுக்குப் போனபோதுதான் அவளை முதன்முதலாகக் கண்டேன். மாடியறை யன்னலில், கம்பியைப் பிடித்தபடி, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை. எனக்கு அப்போதே கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது. ஆறடிக்கு அப்பால் எல்லாம் பால் ஊற்றிக் கழுவிய மாதிரித்தான் தெரியும். முகம் தெரியவில்லை, நிறம் தெரிந்தது, தோளில் தலைப்பு விழுந்திருந்த நேர்த்தி தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். வெள்ளைச் சட்டையின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இருக்கிறதா என்று காலையில் வாசலில் நின்று அளந்து பார்த்தவள். பிள்ளைகள் எனக்கு 'அடிமட்டம்' என்று, அளக்கிற கோலின் பெயரையே பட்டமாக வைத்திருந்தார்கள். கண் மங்கினால் அந்தப் புத்தி போய்விடுமா? நல்லாய்த்தான் உடுத்தியிருக்கிறாள் என்று மனம் அவளுக்குப் புள்ளி போட்டது. அதற்குப் பிறகுதான், அட, இவள் யார் என்ற கேள்வி வந்தது.

கொழும்பில் என் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவர் நாகேந்திரம். நாற்பத்தைந்து வயது, கலியாணம் கட்டாதவர், கொச்சிக்கடையில் ஒரு கப்பல் கொம்பனியில் எழுத்துவேலை. மீசையும் இல்லை, சத்தமும் இல்லை. வேலையால் வந்தால் என் நித்திரை குழம்பக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிப்படியால் ஏறுவார். ஊர்க்காரர், நல்ல மனிதர். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் நான் இருந்தேன். குடிக்கிறதே!

போய்க் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவள் வந்து நின்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை நான் நாலரைக்கே தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, ஜம்பு மரத்தடியில் கதிரையைப் போட்டு, கையில் ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் மனுசன் போய்ப் பதினொரு வருடம். மகள் கௌரி ரொறன்ரோவில். வீட்டில் என்னோடு கதைக்கிறது சுவர்க்கடிகாரமும், கடற்கரையோடு போகிற ரயிலும்தான். ரயில் போனால் யன்னல் கண்ணாடிகள் கொஞ்சநேரம் ஏதோ சொல்லிவிட்டு அடங்கும். அந்தப் பின்னேர வெளிச்சத்தில், உப்புக்காற்றில், எல்லா விளிம்பும் கரைந்துபோயிருக்கிற அந்த நேரத்தில், மேலே ஒரு கத்தரிப்பூ நிறம் வந்து நிற்கும். நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஒரு நிம்மதி எனக்கு. அவளுக்கு ஒரு பெயர்கூட யோசித்துப் பார்த்தேன். என்ன கதைக்கலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன்: சேலை எங்கே வாங்கினது, தோசைக்கு வெந்தயம் எவ்வளவு போடுவாய், உனக்கும் பின்னேரத்தில் காரணமில்லாமல் அழுகை வருமா. ஒருநாள் துணிந்து கையைத் தூக்கி ஆட்டினேன். அவளும் கையைத் தூக்கினாள். உடனே யன்னலை விட்டுப் போய்விட்டாள். அன்று இரவு நான் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்த காலம். வெள்ளவத்தையில் தமிழர் வீடென்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரின் பெயரும் பொலிஸில் பதிந்திருக்கவேண்டும். என் வீட்டுப் படிவத்தில் இரண்டே பெயர்: சரோஜினிதேவி, நாகேந்திரம். ஒரு திங்கட்கிழமை விடிய அடுத்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். இளைப்பாறிய தபாலதிபர் சிவபாதசுந்தரத்தின் வீட்டில், ஊரிலிருந்து வந்த மச்சாளின் மகள் பதியாமல் நின்றிருக்கிறாள். அவளையும் கொண்டுபோனார்கள், வீட்டுக்காரர் என்று அவரையும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவர் மட்டும் திரும்பி வந்தார். அவருடைய வாசலைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டேன். மாடியில் நிற்கிற அந்தச் சிநேகிதி யார், எங்கேயிருந்து வருகிறாள், சேலைக்குள்ளே எதைக் கட்டிக்கொண்டு வருகிறாள், குண்டையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் உயிர்ப் பயம்தான் பெரிதாய் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிபோலப் பொலிஸுக்குப் போய்ச் சொன்னேன். மாடியில் ஒரு பெண் வந்துபோகிறாள், பெயர் தெரியாது, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மேசையில் இருந்தவர் சேலையின் நிறத்தைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வருகிறோம் என்றார். வெளியே காலி வீதியில் வெயிலுக்குள் வந்து நின்றபோதுதான், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாய் நிற்கிறேன் என்று விளங்கியது. அவளுக்கு ஒரு அடையாள அட்டை இருந்தால் தப்பலாம். இல்லையென்றால், அவள் வருகிற நேரம்தான், இப்போதே போகச் சொல்லலாம். ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சு வாங்க வெளிப்படியில் ஏறினேன். அதற்கு முன் நான் அந்தப் படியில் ஏறியதே இல்லை.

"ஆர்?" என்று உள்ளே நாகேந்திரத்தின் குரல்.

"நான்தான் தம்பி. கதவைத் திறவும்."

"ஒரு நிமிசம் ரீச்சர், ஒரு நிமிசம்..."

கொண்டி சரியாக விழவில்லை போலும். கடற்காற்று எனக்கு முன்னால் கதவைத் தள்ளித் திறந்தது. அறைக்கு நடுவே அவள் நின்றாள். என் கண்ணுக்கு எட்டுகிற தூரம். சேலைக்கு மேலே நாகேந்திரத்தின் முகம் இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபமுமில்லை, அருவருப்புமில்லை. துக்கம். ஒரு சிநேகிதி செத்த செய்தி வந்த மாதிரி. அவளுக்கென்று எடுத்து வைத்த கதைகளை இனி யாருக்குச் சொல்வேன்? கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேறை ஒருத்தரும் இல்லை ரீச்சர்," என்றார். தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "நான் மட்டும்தான்."

"அண்டைக்குக் கை காட்டினது?"

"அதுவும் நான்தான். காட்டினாப் பிறகு நல்லாப் பயந்துபோனன்."

"எப்ப துடங்கினது இது?"

"சின்னனிலயிருந்து. ஏனெண்டு எனக்கே தெரியாது. ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை ரீச்சர். உடுத்திக்கொண்டு அந்த யன்னலடியில அரை மணித்தியாலம் நிண்டா, பிறகு ஒரு கிழமை தள்ளலாம்."

கௌரி அனுப்பிய படம் ஞாபகம் வந்தது. தடித்த காற்சட்டை, ஆம்பிளைச் சப்பாத்து, கழுத்தோடு வெட்டிய மயிர், காலடியில் பனி. அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியவள் நான். அவள் ஆம்பிளை வேஷம் போட்டிருக்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இவர் சேலை உடுத்தால் மட்டும் எனக்கு ஏன் கதிரை பிடிக்கவேண்டியிருக்கிறது? விடை தெரியவில்லை. தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டாதே, அடுத்ததைச் செய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நானும் அடுத்ததுக்குப் போனேன்.

"தம்பி, நான் ஒரு பிழை விட்டுட்டன். பொலிசில சொல்லிப்போட்டு வாறன்."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொல்வோமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன், பெண்ணுடுப்பில், யன்னலில் நின்று ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை வேவு என்று எழுதாமல் ஆசை என்று எந்தப் பொலிஸ்காரன் எழுதுவான்?

"கொண்டுபோனா விடமாட்டாங்கள்," என்றார். "விட்டாலும் பேப்பரில வந்திடும். தங்கச்சி ஊரில ரெண்டு குமர்ப்பிள்ளையளோட இருக்கிறா ரீச்சர்."

"கழட்டும். கெதியாக் கழட்டும்," என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்து படியில் நின்றேன். ஒழுங்கை முனையில் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு சார்ஜன்ட், ஒரு பெண் கொஸ்தாப்பல். அவர்கள் மேலே வந்தபோது நாகேந்திரம் சாரமும் சேர்ட்டுமாகச் சுவரோடு நின்றார். சேர்ட்டில் ஒரு பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார். நோனா கோ, எங்கே அந்தப் பெண் என்று சார்ஜன்ட் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசப் போதும்; பொய் சொல்லவும் போதுமா என்பது அன்றுதான் சோதனை. பெண் இல்லை மாத்தயா, எனக்குக் கண் தெரியாது, வெண்படலம், பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெண் கொஸ்தாப்பல் குனிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை இழுத்தாள். கத்தரிப்பூ நிற ஜோர்ஜெற் முழுவதும் வழுக்கிக்கொண்டு நிலத்தில் வந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு சேலைச் சட்டை, நாலு வளையல்.

யாருடையது என்றார் சார்ஜன்ட். நாகேந்திரம் வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மகே," என்றேன். என்னுடையது. கீழே ஈரமாய் இருக்கிறது, மேலே காற்று வரும், யன்னலில் காயப்போட்டிருந்தது, தூரத்திலிருந்து பார்த்து நானே ஆள் என்று நினைத்துவிட்டேன். பெண் கொஸ்தாப்பல் சட்டையை எடுத்து என் மார்புக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என்னைப்போல இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம். முந்தி எனக்குப் பெருத்த உடம்பு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜன்டுக்கு வரவில்லை. அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பொட்டில்லாத நெற்றி, வெறுங்கழுத்து, சாம்பல் நிற ஹவுஸ்கோட். அம்மே, இதை நீங்களா உடுக்கிறது என்று கேட்டார்.

சேலையை நிலத்திலிருந்து எடுத்து, உள்முனையைத் தேடிப் பிடித்து, ஹவுஸ்கோட்டின் இடுப்பு நாடாவுக்குள் செருகினேன். பதினொரு வருடமாகச் சாம்பலும், விசுக்கோத்து நிறமும், மழைத் தண்ணீர் நிறமும்தான் உடுத்தியவள். ஊர் சொல்லி உடுத்தினேனா, நானே உடுத்தினேனா, இப்போது நினைவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினேன். யன்னல் வெளிச்சம் துணிக்குள்ளால் வந்து என் கையெல்லாம் அந்த நிறம் படிந்தது. தண்ணீருக்குள் நின்று உடுத்துகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்திலும், அந்தப் பயத்திலும், எனக்கு அது பிடித்திருந்தது. தலைப்பைத் தோளில் போட்டுவிட்டு மடிப்பெடுக்கத் தொடங்கினேன். அங்கேதான் வந்தது வினை. ஜோர்ஜெற் விரலுக்குள் நில்லாது. ஐந்து மடிப்பு எடுத்தால் மூன்று நழுவியது. கொய்யகத்தைச் செருகிவிட்டுப் பார்த்தால், கீழே ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும், பள்ளிக்கூடத்தில் முதல்முதல் சேலை உடுத்த பெட்டையைப்போல நின்றேன். தன்னுடைய சேலையை ஒருத்தி இப்படியா உடுப்பாள் என்கிற மாதிரிப் பெண் கொஸ்தாப்பல் கழுத்தைச் சரித்துப் பார்த்தாள். சார்ஜன்ட் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுவரோடு நின்ற நாகேந்திரம் அப்போது அசைந்தார். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, நான் அறியேன். வந்து என் காலடியில் குந்தினார். சேலையின் கீழ் விளிம்பைப் பிடித்து, மடிப்புகளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மேலிருந்து கீழ்வரை நீவி, மெல்லக் கீழே இழுத்து விட்டார். வேண்டாம் தம்பி, எழும்பும் என்று சொல்ல வாய் உன்னியது. அசையாமல் நின்றேன். பெண் கொஸ்தாப்பல் என்னைப் பார்க்கவில்லை. நாள்பட்ட பழக்கத்தில் ஓடுகிற அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு மடிப்பு இருந்தது. அவர் அவசரப்படவில்லை.