நாமக்கோழி சேர்ந்த குடும்ப அட்டை

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நீர்ப்பறவை எதற்காவது தீனி போட்டால், அந்தப் பறவையின் பெயர் போட்டவரின் குடும்ப அட்டையில் சேர்ந்துவிடும். நுழைவாயில் பலகையில் இது நான்காவது விதி. பொரிப் பையோடு நடக்கப் போன சொக்கலிங்கத்தின் அட்டையில் இன்று பதினேழு வாத்துகள் இருக்கின்றன. அவற்றில் மூத்ததுதான் இப்போது குடும்பத் தலைவர்.

மூன்றாவது விதி நாய்களைப் பற்றியது. கரையில் நாய் கழித்ததை, அந்த நாயின் அட்டையில் பெயர் உள்ள ஒருவர், ஒன்பது மணிச் சங்கு ஊதுவதற்குள் தாளில் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். நீளக் கம்பு வைத்த அள்ளி கூடாது. குனிவதும் விதியில் அடக்கம். மூன்று முறை தவறினால் நாயின் பெயர் ஏரியின் அட்டைக்கு மாறிவிடும். அப்படி மாறிய நாய்கள் ஏரி நடுவில் உள்ள திட்டில் நலமாகத்தான் இருக்கின்றன. தீபாவளியன்று பழைய வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு போகும். வாலை மட்டும் ஆட்டுவதில்லை.

எங்கள் அட்டையில் அக்கா சௌந்தரவல்லி, நான், பவுடர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. பவுடர் அக்காவின் வெள்ளை நாய். பதினொரு ஆண்டுகள் தினமும் காலையில் மூவரும் கரைக்குப் போனோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போடுவேன். அக்கா குனிந்து எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். அதற்காக நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனி மாதம் அக்கா இறந்தாள். அட்டையில் அவள் பெயரை அடித்தார்கள். எனக்குப் பல வருட முதுகுவலி. வலி கூடின நாளில் முழங்காலுக்குக் கீழே கை போகாது; மற்ற நாளில் மரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ குனிந்து எடுத்துவிடுவேன். பவுடரோ மூன்றாவது வேப்பமரத்தடியைத் தவிர வேறெங்கும் போகாது. இரண்டு வாரத்துக்குள் அதன் பெயருக்கு எதிரே இரண்டு சிவப்புக் குறிகள் விழுந்துவிட்டன.

குறி போடுபவர் கரைக் கண்காணிப்பாளர் ஞானப்பிரகாசம். வாயிலருகே மேசை போட்டுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டு மெஹருன்னிசா, "நான் எடுத்துப் போட்டுடறேன், அண்ணே" என்று தாளோடு வந்தபோது, "உங்க பேரு இவரு கார்டுல இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை. மெஹருன்னிசா தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி அமாவாசை வந்தது. அக்காவுக்கு வைத்த சோற்றை எடுக்க எங்கள் மாடிக்கு எந்தக் காக்கையும் வரவில்லை. இலையோடு கரைக்கு எடுத்துப் போய், சுவரின் மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். கண்ணாடியை வீட்டில் விட்டிருந்தேன். கோரைப்புல்லுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று வந்து, சுவரேறி, சோற்றைத் தின்றது. கறிவேப்பிலையை மட்டும் இலையோரத்தில் ஒதுக்கியது. அக்காவும் ஒதுக்குவாள்.

"காக்காய்க்கு நெத்தியில வெள்ளை ஏது, சார்?" என்றார் ஞானப்பிரகாசம், மேசையிலிருந்தபடியே. "அது நாமக்கோழி. தண்ணிப் பறவை. கார்டை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

"உறவுமுறை என்னன்னு போடறது?"

"அக்காவுக்கு வெச்ச சோறு."

"அப்ப அக்கா. பேரு அதே பேருதானே?"

"அதேதான்."

"வயசு?"

"அறுபத்தாறு."

அவர் பறவையை ஒருமுறை பார்த்தார். "பார்த்தா தெரியல" என்று சொல்லிவிட்டு எழுதினார். அடித்த பெயருக்குக் கீழே அதே பெயர் வந்தது.

"ஏரி கார்டுல இப்ப ஒண்ணு குறையுது, சார். ஐப்பசிக்குள்ள ஈடு ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. வீட்டுல இருக்கிற எதுனாலும் சரி."

"பவுடரைத் தவிர என்ன வேணாலும் தரேன்."

"நீங்க தரவே வேணாம். இன்னும் ஒரு குறிதான் பாக்கி, அது தானாவே வந்துடும் போலிருக்கே" என்று சிரித்தார்.

நாமக்கோழி என் பின்னாலேயே நடந்து வந்தது. வாசலில் பவுடர் அதை மோந்து பார்த்து வாலை ஆட்டியது. அன்றிலிருந்து அது அக்காவின் அறையில் தங்கியது. யாருமில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால், "கெக்" என்று ஒருமுறை சத்தம் போடும். நான் போய் நிறுத்துவேன்.

புரட்டாசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. முதுகு பலகையாகிவிட்டது. பவுடர் எட்டரை மணிவரை வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதற்கு மேல் காக்க வைப்பது நியாயமில்லை. மூவரும் கிளம்பினோம்.

மூன்றாவது வேப்பமரத்தடியில் பவுடர் தன் வேலையை முடித்தபோது மணி எட்டு ஐம்பத்தாறு. நான் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முழங்கால் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை.

ஞானப்பிரகாசம் பதிவேட்டோடும் சிவப்புப் பேனாவோடும் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"குனிங்க, சார். இன்னும் ஒரு முழம்தான்."

"முடியல."

"நான் வேணா திரும்பிக்கறேன். ஆனா சங்கு திரும்பிக்காதே, சார்."

பவுடர் என் காலடியில் உட்கார்ந்து திட்டைப் பார்த்தது. அங்கிருந்த நாய்கள் நகர்ந்து அதற்கு இடம் விட்டன.

அப்போது நாமக்கோழி என் கையிலிருந்த பேப்பரை அலகால் இழுத்தது. தரையில் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. குறுக்கெழுத்து இருந்த தாளை உருவி, நனையாத இடமாகப் பார்த்து பெஞ்சின் மேல் வைத்தது. பிறகு வரி விளம்பரத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, குனிந்து எடுத்து, நான்காக மடித்து, நடந்துபோய்த் தொட்டியில் போட்டது.

பதினொரு ஆண்டுகளாக எனக்குக் குறுக்கெழுத்துப் பக்கம் கிழியாமல் வந்திருக்கிறது. பேப்பர் அப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஞானப்பிரகாசம் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "சௌந்தரவல்லி. பேரு இருக்கு" என்றார். சங்கு ஊதியது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நிமிர்த்தி பெஞ்சில் உட்கார வைத்தார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அன்று பெஞ்சில் உட்கார்ந்தபடி, "அக்கா, ரொம்ப நன்றி" என்று சொன்னேன். பதினொரு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் இன்னொரு முறையும் சொன்னேன். நாமக்கோழி பவுடரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் ஈடு கொடுக்கப் போனேன்.

"என்னன்னு எழுதட்டும், சார்?"

"என் முதுகுவலி."

"எத்தனை வருஷமா வீட்டுல இருக்கு?"

"பதினாலு."

"கடிக்குமா?"

"மழைக்காலத்துல மட்டும்."

எழுதிக்கொண்டார். மாலைப் பரிசலில் அது திட்டுக்குப் போனது. பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்று.

இப்போது மூன்றாவது வேப்பமரத்தடியில் குனிகிறவன் நான். வரி விளம்பரத் தாளைத்தான் கிழிக்கிறேன். குறுக்கெழுத்துப் பக்கம் முழுசாக பெஞ்சுக்குப் போகிறது. அக்கா இடமிருந்து வலத்தை முடித்துவிட்டு, மேலிருந்து கீழை எனக்காக விட்டு வைக்கிறாள்.

தீபாவளியன்று காலையில் என் முதுகுவலி விருந்தாளியாக வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது. அக்கா பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு முறுக்கும் ஒரு அதிரசமும் வைத்தேன். சாப்பிட்டு முடித்து, பவுடரைத் தடவிக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன்னால் திட்டுக்குப் போய்விட வேண்டும் என்று குடையைக் கேட்டது. கொடுத்தேன்.